தயிர்ச்சட்டியில் படியும் நிறம்: ஊர் மண்ணில் வண்ணம் செய்யத் தொடங்குவோருக்கு

மண்ணிலிருந்து வண்ணம் செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, நல்ல நிறமுள்ள மண் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் இருந்துகொண்டு, சுவரிலும் பலகையிலும் கடதாசியிலும் ஊர் மண்ணைக் கொண்டே வரைந்து வருபவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில் அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். மண் எங்கும் கிடைக்கும். கழுவத் தெரியாதவருக்கு எந்த மண்ணும் நிறம் தராது. நல்ல சிவப்பென்று ஆசையோடு அள்ளி வந்த மண் கழுவி முடிந்ததும் வெறும் பழுப்பாக நிற்பதும், எவரும் திரும்பிப் பாராத வெளிறிய மேட்டு மண் இரண்டு நாள் ஊறித் தெளிந்தபின் பழுத்த விளாத்திச் சதையைப் போலவோ மஞ்சட்கருவைப் போலவோ அடியில் படிந்து கிடப்பதும் இந்த வேலையில் அன்றாடம் நடப்பவை. ஆகவே ஒரே ஒரு மண்ணை எடுத்து, அதைக் கழுவி, வறுத்து, அரைத்து, பிசினில் குழைத்துப் பூசிப் பார்ப்பது வரை கொண்டுபோகும் விதமாக இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். ஒரு மண்ணிலிருந்து நான்கு நிறம் எடுக்கத் தெரிந்தபின் அடுத்த மண்ணைத் தேடிப் போகலாம்.

எந்த மண், எங்கிருந்து

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடற்கரையிலிருந்து மேற்கே போகப் போக மண் மாறுவதைப் பேருந்தில் இருந்தபடியே பார்க்கலாம். கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள எழுவான்கரை பெரும்பாலும் மணற்பாங்கானது. அந்த மண்ணைக் கழுவினால் அடியில் மணலும் மேலே தெளிந்த நீருமாக நிற்குமேயன்றி வண்ணம் எதுவும் தேறாது. வாவியைக் கடந்தால் வயல் வண்டல். அதற்கும் அப்பால், பெயரிலேயே செங்கல்லை வைத்திருக்கும் செங்கலடியிலிருந்து கரடியனாறு வழியாகப் பதுளைக்குப் போகும் வீதியிலோ, அம்பாறை நகரிலிருந்து இங்கினியாகலைப் பக்கமாகவோ சென்றால், மேட்டுநிலங்களில் மண் செம்பழுப்பாகத் தொடங்கும். இப்பகுதியின் அடிப்பாறை, புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்று அழைக்கும் மிகப் பழைய, நைஸ் என்னும் உருமாறிய பாறையாகும். அதிலுள்ள கருநிறக் கனிமங்களில் இரும்பு இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் பாறை சிதையும்போது அந்த இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாக மாறுகிறது. நாம் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் மஞ்சளும் சிவப்பும் அந்தத் துருவைத் தவிர வேறல்ல. நீரைப் பிணைத்து வைத்திருக்கும் துரு மஞ்சளாக இருக்கும். அதன் பெயர் கோதைட். நீர் நீங்கிய துரு சிவப்பாக இருக்கும். அதன் பெயர் ஹெமடைட். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் மண்ணை ஏன் வறுக்கிறோம் என்பது தானாகவே விளங்கும்.

முதல் மண்ணாக, சரளை கலந்த மண்ணான கிரவலை எடுக்குமாறே நான் சொல்வேன். அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஊரில் யாராவது வீட்டுப் பாதைக்கோ வளவை நிரப்பவோ கொண்டுவந்து கொட்டிய கிரவல் மிச்சம் கிடக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு அரை வாளி அள்ளிக்கொண்டால் பல மாத வேலைக்குப் போதும். மஞ்சள் கலந்த கிரவல் கிடைத்தால் அதையே தெரிவு செய்யுங்கள். மஞ்சளைச் சிவப்பாக்கலாம், சிவப்பை மஞ்சளாக்க முடியாது. கிரவல் கிடைக்காதவர்கள் செங்கற் சூளையில் ஒதுக்கிப் போட்ட உடைந்த கற்களைக் கேட்டு வாங்கலாம். அது ஏற்கெனவே வெந்த மண். இடித்துக் கழுவினால் நம்பகமான செம்மஞ்சள் தரும். புற்றுமண்ணும் நல்லதே, ஏனெனில் கறையான் பெரும்பாலும் நுண்ணிய மண்ணையே மேலே கொண்டுவந்து கட்டுகிறது. ஆயினும், விளக்கு வைத்து வணங்கும் புற்றிலும் மஞ்சள் துணி சுற்றிய புற்றிலும் கை வைக்கக்கூடாது. வணங்கப்படாத புற்றானாலும் உள்ளே பாம்பு இருக்கலாம் என்பதால், மழையில் கரைந்து அடியில் வழிந்து காய்ந்திருக்கும் மண்ணை மட்டும் சுரண்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெளியிடத்தில் மண் எடுப்பவர்கள் சில எல்லைகளை அறிந்திருக்க வேண்டும். மண்ணைத் தோண்டி வண்டியில் ஏற்றிச் செல்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. நாம் கையில் எடுக்கும் ஒரு பை மண் அந்த அளவுக்குரியதன்று என்றாலும், காணிக்காரரின் சம்மதம் இல்லாமல் அதையும் எடுக்கக்கூடாது. தொல்லியல் இடங்களிலும் வன ஒதுக்கங்களிலும் ஒரு பிடி மண்கூட எடுக்கக்கூடாது. அம்பாறையின் இராசகல போன்ற இடங்களில் பாறை நிழலில் கிடக்கும் மண்ணே ஒரு சான்று. எமது மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் பணி முடிந்துவிட்டது என்றாலும், மண்ணுக்குள் அறிமுகமில்லாத உலோகப் பொருள் எதிர்ப்பட்டால் அதைத் தொடாமல் விலகி வந்து பொலிசுக்கு அறிவிப்பதே முறை. மேற்கே குளக்கட்டுகளை அண்டிய ஊர்களில் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு மண் தேடுவதை விட்டுவிடுங்கள். யானைக்கு நம் வேலை தெரியாது.

வயற்சேற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழத்திலிருந்து எடுத்த ஈரக்களி நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் அழகாக இருக்கும். நீருக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் அதிலுள்ள இரும்பு துருப்பிடிக்கவில்லை; அந்த நிறத்துக்குக் காரணம் அதுவே. அதைக் கண்டு மயங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால், இரண்டு நாள் வெயிலில் அது மங்கிய பழுப்பாக மாறிவிடும். அத்தோடு, மாரிகாலத்து வயற்சேறு எலிக்காய்ச்சலுக்கு இடம் கொடுப்பது. காலிலோ கையிலோ காயம் உள்ளவர்கள் அதில் இறங்கக்கூடாது. கிருமிநாசினியும் உரமும் விழுந்த மண்ணென்பதும் இன்னொரு காரணம். தொடக்கத்தில் வயலை விட்டுவிடுங்கள்.

வேண்டிய பொருட்கள்

எருமைத் தயிர் வாங்கிய மண் சட்டிகள் நான்கு, ஒரு வாளி, மா அரிக்கும் அரிதட்டு ஒன்று, பழைய பருத்திச் சாரத்திலிருந்து கிழித்த துணி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்கள், ஒரு தாச்சி, சமையலுக்கு இனிமேல் பயன்படாத அம்மியும் குழவியும், முகக்கவசம். இவ்வளவே. கடையில் வாங்க வேண்டியது முகக்கவசம் மட்டுமாகத்தான் இருக்கும். அம்மி இல்லாதவர்கள் தடித்த கண்ணாடித் துண்டின் விளிம்பை உரைத்து மழுக்கிவிட்டு, அடி தட்டையான கனத்த போத்தலை அதன்மேல் தேய்த்து அரைக்கலாம்.

தயிர்ச்சட்டியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அது மெருகிடாத சட்டி. நீரைத் தன் உடம்புக்குள் இழுத்து வெளிப்புறத்தால் ஆவியாக விடும். பிளாஸ்டிக் கோப்பையில் ஒரு வாரம் ஆகியும் சேறாகவே கிடக்கும் வண்ணம், தயிர்ச்சட்டியில் மூன்று நாளில் இறுகிவிடுகிறது. ஆனால் சட்டியில் ஏறியிருக்கும் பாற்கொழுப்பை முதலில் நீக்க வேண்டும். சாம்பலும் தும்பும் கொண்டு தேய்த்து, கொதிநீர் ஊற்றி ஒரு இரவு வைத்து, பிறகு இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வண்ணத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

போத்தல் சோதனை

மண்ணை நிழலில் பரப்பிக் காயவைத்து, கட்டிகளை உடைத்து, கல்லையும் வேரையும் பொறுக்கிவிடுங்கள். பிறகு ஒரு போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணையும், கழுத்துவரை மழைநீரையும் இட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பருமணல் அடியில் இறங்கும். அதற்குமேல் ஓரிரு மணித்தியாலத்தில் நுண்மணல் படியும். களி மட்டும் மறுநாள் வரைக்கும் நீரில் மிதந்துகொண்டிருக்கும். எமக்கு வேண்டிய நிறம் பெரும்பாலும் அந்தக் களியோடுதான் ஒட்டியிருக்கிறது. மறுநாள் பார்க்கும்போது மேற்படை ஒரு விரல் தடிப்புக்கு நிறத்தோடு இருந்தால் அந்த மண் உழைப்புக்குத் தகுந்தது. மேற்படை மெல்லிய சாம்பல் கோடாக மட்டும் தெரிந்தால் அந்த மண்ணை அங்கேயே விட்டுவிடலாம்.

கழுவுதல்

ஒரு கிலோ மண்ணை வாளியில் இட்டு, நான்கு லீற்றர் நீர் ஊற்றி, ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் கையால் பிசைந்து, பெரிய அகப்பையால் நன்றாகக் கலக்குங்கள். கலக்குவதை நிறுத்தியதும் மனதுக்குள் ஐம்பது வரை எண்ணி, மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் அரிதட்டு வழியாக முதற் சட்டியில் வாருங்கள். வாளியின் அடியில் கரகரவென்று ஓசை கேட்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த ஓசை மணலின் ஓசை. மிச்சமுள்ள மண்ணுக்கு மீண்டும் நீர் ஊற்றி, கலக்கி, எண்ணி, வாருங்கள். மூன்று முறை செய்தால் வாளியில் மணலும் கல்லும் மட்டுமே எஞ்சும்.

சட்டியில் சேர்ந்த கலங்கல் நீரை மறுபடி கலக்கி, இம்முறை ஐந்து நிமிடம் பொறுத்து, மேல் நீரை இரண்டாம் சட்டிக்கு மாற்றுங்கள். முதற் சட்டியின் அடியில் தங்குவது இரண்டாந்தர வண்ணம். சுவருக்கு அது தாராளமாகப் போதும். இரண்டாம் சட்டிக்குப் போனதே கடதாசிக்கும் நுண்ணிய வேலைக்கும் உரியது. எண்ணிக்கையை அவசரப்பட்டுக் குறைப்பவர்களின் வண்ணம் தூரிகையில் நெருடும்; அளவுக்கு மீறிக் கூட்டுபவர்கள் நிறத்தையும் சேர்த்து வாளியிலேயே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை முதல் முறையிலேயே ஒரு மட்டைத் துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சட்டியை மூடி, அசையாத இடத்தில் ஓரிரண்டு நாள் வையுங்கள். மேலே நீர் தெளிந்ததும் அதைச் சரித்து ஊற்றினால் படிந்தது கலங்கிவிடும். எனது முறை இதுதான்: பழைய சாரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடாவைக் கிழித்து, நனைத்து, ஒரு நுனி சட்டியின் நீருக்குள்ளும் மறு நுனி சட்டிக்கு வெளியே தாழ்ந்து தொங்குமாறும் போட்டுவிடுவேன். நீர் துணிவழியே ஏறி, வெளிநுனியால் துளித்துளியாகச் சொட்டத் தொடங்கும். மாலையில் போட்டுவிட்டுப் படுத்தால், விடியும்போது சட்டிக்குள் தயிரின் பதத்தில் வண்ணம் மட்டும் நிற்கும். மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கும். விரலால் தொட்டுப் பெருவிரலோடு தேய்த்தால் வெண்ணெய்போல் வழுக்க வேண்டும்; ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் இன்னொரு முறை கழுவுவது நல்லது.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வரையத் தொடங்கிய காலத்தில், வாவியோரத்தில் கிடைத்த நல்ல மஞ்சட்களி ஒன்றைக் கொண்டு ஒரு முன்பள்ளியின் உட்சுவரில் மயிலும் தாமரையுமாக வரைந்து கொடுத்தேன். ஒரே ஒரு முறை கழுவிய மண். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, மயிலின் கழுத்திலும் தோகையிலும் வெள்ளை வெள்ளையாக உவர் பூத்திருந்தது. விரலால் தட்டினால் உவரோடு சேர்ந்து வண்ணமும் உதிர்ந்தது. பிள்ளைகள் அதை மயிலுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்களாம். வாவி நீரின் உப்பு களியில் இருந்ததும், அதை நான் கழுவி நீக்காததும்தான் காரணம். உப்பைக் கண்டறிய இப்போது நான் வேறெதுவும் செய்வதில்லை. தயிர்ச்சட்டியின் வெளிப்புறத்தைப் பார்க்கிறேன். உள்ளேயுள்ள நீர் சட்டியினூடாகக் கசிந்து ஆவியாகும்போது உப்பை வெளிப்புறத்தில் விட்டுச் செல்லும். சட்டியின் வயிற்றில் வெண்பொடி பூத்திருந்தால் வண்ணத்தை மீண்டும் நல்ல நீரில் கலக்கி, தெளியவைத்து, நீரை அகற்ற வேண்டும். பொடி பூக்காத நாள் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கரையோரக் கிணற்று நீரும் உவராக இருக்கக்கூடும் என்பதால் கடைசிக் கழுவலுக்கு மழைநீரே பாதுகாப்பானது. மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த வேலை பாதியாகக் குறையும்.

காயவைக்கும் காலத்தையும் கவனியுங்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையான மழையில் வண்ணம் காயாது, புளிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் வீசும்போது மிக விரைவாகக் காயும், ஆனால் திறந்து வைத்த சட்டிக்குள் தெருப் புழுதி முழுவதும் வந்து விழும். கொறிக்கும் கச்சானைச் சொல்லவில்லை, மேற்கிலிருந்து வரும் காற்றைச் சொல்கிறேன். துணியால் மூடிக் கட்டி வைத்தால் இரண்டுக்கும் தப்பலாம். காய்ந்த வண்ணம் பிளந்து, சட்டியை விட்டுத் தானாகவே கழன்று, ஓடுபோல் கட்டிகளாக வரும்.

வறுத்தல்

மஞ்சட்கட்டிகளில் பாதியை எடுத்து இடித்துப் பொடியாக்கி, தாச்சியில் இட்டு, விறகடுப்பில் வைத்துக் கிளறுங்கள். ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் அளவில் கோதைட் தன்னில் பிணைந்த நீரை இழந்து ஹெமடைட்டாகத் தொடங்கும். முதலில் மஞ்சள் அழுக்கடைந்ததுபோல் தோன்றும். பயந்து இறக்கிவிட வேண்டாம். பின்பு செம்மஞ்சளாகும், பின்பு செங்கல் நிறமாகும், சூடு கூடினால் ஆழ்ந்த செம்பழுப்புக்குப் போகும். சூட்டில் எல்லா நிறமும் உண்மையைவிடக் கருமையாகத் தெரியும் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி அளவு எடுத்துத் தனித்தனிச் சிரட்டையில் இட்டு ஆறவையுங்கள். ஆறியபின் பார்த்தால் ஒரே மண்ணிலிருந்து நான்கைந்து நிறங்கள் வரிசையாக இருக்கும். கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் நாம் பார்த்துப் பழகிய காவி அந்த வரிசையில் எங்கோ ஒரு சிரட்டையில் நிச்சயம் இருக்கும். ஈரமான கட்டியை நெருப்பில் போடக்கூடாது. உள்ளேயுள்ள நீர் ஆவியாகி வெடித்துக் கண்ணில் தெறிக்கும்.

கறுப்பும் வெள்ளையும், இல்லாத நீலமும்

கறுப்புக்குச் சிரட்டைக்கரி போதும். சிரட்டைத் துண்டுகளைப் பால்மாப் பேணியில் அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு துளையிட்டு, நெருப்புக்குள் வையுங்கள். துளையால் வரும் புகையும் சுவாலையும் நின்றதும் வெளியே எடுத்துத் துளையைக் களிமண்ணால் அடைத்து ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கரி சாம்பலாகிவிடும். விளக்கின் சுவாலைக்குமேல் சட்டியோட்டைப் பிடித்துச் சேர்க்கும் புகைக்கரி இன்னும் ஆழ்ந்த கறுப்பு; ஆனால் அது நீரோடு சேராமல் மேலேயே மிதக்கும். காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட்டில் சில துளி விட்டு முதலில் நனைத்துக்கொண்டால் இணங்கும்.

வெள்ளைக்குத் தொடக்கத்தில் முட்டைக்கோது எளிது. உட்தோலை உரித்து, கழுவி, காயவைத்து, அரைத்து, மண்ணைப் போலவே நீரில் தெளியவைத்தால் மிருதுவான வெள்ளை கிடைக்கும். தென்மேற்குப் பக்கத்தில் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் எடுக்கப்படும் கயோலின் எனப்படும் வெண்களியை வாங்க முடிந்தவர்கள் அதையும் பயன்படுத்தலாம். சுண்ணாம்பு சுவருக்கு உரியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பச்சையும் நீலமும் எங்கே என்று கேட்பார்கள். எமது மண்ணில் நீலம் இல்லை. சிகிரியாவில் ஐந்தாம் நூற்றாண்டில் வரைந்தவர்களும் மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்பவற்றையே பெரிதும் கொண்டு வேலையை முடித்திருக்கிறார்கள். சிரட்டைக்கரியோடு வெள்ளையைக் கலந்து, அந்தச் சாம்பலைச் சிவப்புக் காவிக்குப் பக்கத்தில் பூசிப் பாருங்கள். கண் அதை நீலமென்றே எடுத்துக்கொள்ளும். மஞ்சளோடு சிறிது கரியைச் சேர்த்தால் காய்ந்த இலையின் பச்சை வரும். மஞ்சள்தூளைக் கொண்டு மஞ்சள் செய்ய நினைக்க வேண்டாம். அது சில கிழமை வெயிலில் வெளிறிப் போகும், மண் வெளிறாது. அரிதாரம் பூசுதல் என்ற சொல் எமது கூத்துக்களரியில் இன்றும் வழங்குகிறது. ஆனால் அரிதாரம் என்ற பழைய மஞ்சட்பொருள் ஆசனிக் கலந்த நஞ்சு, சாதிலிங்கம் என்ற பழைய சிவப்புப் பொருள் பாதரசம் கலந்த நஞ்சு. இவற்றைப் பழைய மருந்துக்கடை எதிலாவது கண்டால் வாங்காதீர்கள்.

அரைத்தலும் பிசினும்

கழுவிய பொடியில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து அம்மியில் வைத்து, நீரைச் சில துளிகளாக விட்டு, எட்டின் வடிவத்தில் பதினைந்து நிமிடமாவது அரையுங்கள். உலர்ந்த பொடியை அரைக்கவோ அரிக்கவோ நேர்ந்தால் முகக்கவசம் கட்டாயம். மண்ணில் உள்ள நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

மண்ணும் நீரும் மட்டும் சேர்ந்தால் காய்ந்ததும் உதிரும். அதைப் பிடித்து வைக்க ஒரு பசை வேண்டும். எமது பக்கத்தில் எளிதாகக் கிடைப்பதும் நான் விரும்புவதும் விளாம்பிசின். கண்டிக் காலத்து விகாரை ஓவியர்களும் இதையே பயன்படுத்தினார்கள். கோடையில் விளாத்தி மரத்தில் வெட்டுப்பட்ட இடங்களில் வெளிறிய தேன்நிறத் துளிகளாக வடிந்து இறுகியிருக்கும். தூசு ஒட்டாத துளிகளைப் பொறுக்கி, இடித்து, ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீர் என்ற அளவில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். நான்கு கரண்டி பிசின் நீருக்கு ஒரு கரண்டி தேன் சேர்த்தால் வண்ணம் வெடிக்காது. ஒரு துளி கராம்பு எண்ணெய் சேர்த்தால் பூஞ்சணம் பிடிக்காது.

அரைத்த வண்ணக் குழம்போடு அதே அளவு பிசின் நீரைச் சேர்த்து மேலும் ஐந்து நிமிடம் அரையுங்கள். ஒரு கடதாசித் துண்டில் பூசி, காயவிட்டு, உலர்ந்த விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டினால் பிசின் குறைவு. பூச்சு மினுங்கினாலோ, கடதாசியை வளைக்கும்போது வெடித்தாலோ பிசின் கூடிவிட்டது. மங்கலாக, மண்ணைப் போலவே தோன்றி, ஆனால் விரலில் ஒட்டாமல் இருப்பதே பதம். மண்ணுக்கு மண் இந்த அளவு வேறுபடும். களி கூடிய மண் அதிக பிசினைக் குடிக்கும், செங்கல் பொடி குறைவாகக் குடிக்கும். இதையும் அந்த மட்டைத் துண்டில் எழுத வேண்டும்.

தூரிகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடையில் விற்பதே போதும். வேண்டுமானால் வாவிக்கரைத் தாழையின் வேரை நுனியில் நசுக்கிச் சுவருக்கு நல்ல தூரிகை செய்யலாம்.

சுவரில் வரைதல்

பிசின் வண்ணம் மழையில் கரையும். கூரைக்குக் கீழுள்ள உட்சுவருக்கு மட்டுமே அது பொருந்தும். தாழ்வாரச் சுவருக்குப் பாற்பசை நல்லது. தயிர் பேர்போன ஊராயிற்றே என்று எருமைத் தயிரை இதற்கு எடுப்பவர்கள் உண்டு. அதன் கொழுப்பு பசையைக் கெடுக்கும். அதைக் கித்துள் பாணியோடு சாப்பிட்டுவிட்டு, இந்த வேலைக்குக் கொழுப்பு நீக்கிய பால்மாவை எடுங்கள். பால்மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, தேசிக்காய்ப் புளி விட்டுத் திரையவைத்து, துணியில் பிழிந்து, நன்றாகக் கழுவுங்கள். ஐந்து பங்கு திரளுக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக் குழம்பைச் சேர்த்துக் கலக்கினால், சிறிது நேரத்தில் கட்டிகள் கரைந்து வழவழப்பான பசையாகிவிடும். நீர் விட்டு இளக்கி, வண்ணத்தோடு சேருங்கள். இந்தப் பசை மறுநாளே கெட்டுவிடும் என்பதால் அன்றைய தேவைக்கு மட்டும் செய்ய வேண்டும்.

சுவர் முழுவதும் பூசுவதானால் சுண்ணாம்பே பசையாகவும் வெள்ளையாகவும் இருக்கும். நீற்றிய சுண்ணாம்பைப் பாலின் பதத்தில் கரைத்து, அதன் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மண்வண்ணத்தைச் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு, மெல்லிதாக மூன்று நான்கு தடவை பூசுங்கள். ஈரத்தில் நிறம் ஆழமாகத் தோன்றி, காய்ந்ததும் மிகவும் வெளிறும். ஆகவே முதலில் ஒரு மூலையில் பூசி மறுநாள் பார்த்துவிட்டே மீதியைத் தொடங்க வேண்டும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் எரிக்கும். கண்ணாடி அணியுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நிறைய நல்ல நீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவரானால் குறைந்தது 28 நாள் பொறுத்தபின் தூரிகையை எடுங்கள். அடிச்சுவரில் நிலத்து ஈரம் ஏறும் வீடுகளில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வரையாமல் விட்டுவிடுவது எனது பழக்கம். எவ்வளவு நன்றாகக் கழுவிய வண்ணமானாலும் அந்த இடத்தில் நிலத்து உப்பு வந்து சேரும்.

மிஞ்சியதை வைத்திருத்தல்

பிசினோடு கலந்து மிஞ்சிய வண்ணத்தை வாவியில் பொறுக்கிய சிப்பி ஓடுகளில் நிரப்பிக் காயவிடுங்கள். அடுத்த முறை ஈரத் தூரிகையால் தொட்டாலே இளகிவரும். பிசின் சேராத பொடியைப் போத்தலில் அடைத்து, மண் எடுத்த இடம், நாள், எத்தனை வரை எண்ணி வார்த்தீர்கள், எத்தனை நிமிடம் வறுத்தீர்கள், எவ்வளவு பிசின் குடித்தது என்பவற்றை எழுதிய மட்டைத் துண்டை, அந்த வண்ணத்தையே ஒரு விரல் பூசிக் கழுத்தில் கட்டிவிடுங்கள். பொடி நன்றாகக் காய்ந்திருந்தால் எத்தனை மாரி வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வாளியின் அடியில் தங்கிய மணலைக் கொட்டிவிடாமல் ஒரு சாக்கில் சேர்த்து வைத்தால், வீட்டுக் குந்து மெழுகும்போது களிமண்ணோடு கலந்து பூசிக்கொள்ளலாம். அந்த மணலில் எஞ்சியிருக்கும் நிறமே குந்துக்குப் போதுமானது.